ஒரு ராஜா சுக்கு

உலக நாகரிகத்துக்குச் சிங்கப்பூர்த் தமிழர்கள் ஆற்றியிருக்கும் மகத்தான தொண்டுகள் மூன்று. முதல் இரண்டும் இந்தச் சமயத்தில் எனக்கு நினைவுக்கு வரவில்லை. மூன்றாவது, சிராங்கூன் சாலை ஸ்பானிய அரச நாணய ஆராய்ச்சி, பாதுகாப்பு, பராமரிப்புக் கழகம்.

1957இல், பஃபலோ ரோட்டில் ஒரு தையல் கடையின் மாடியில், மூன்று நாற்காலிகள், இரண்டு ரப்பர் முத்திரைகள், குஞ்சம் வைத்த ஒரு மேசை விரிப்பு ஆகியவற்றோடு அது உதயமாயிற்று. நான் அதன் கௌரவச் செயலாளர். துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருஷம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். மினிட்ஸ் எழுதுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. இந்த உண்மையை நானே பல மினிட்ஸில் பதிவு செய்திருக்கிறேன்.

தலைவர், திரு. பரமசிவம். ஒரு கப்பல் கம்பெனியில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்தவர். ஸ்பெயின் ராஜாக்களின் வம்சாவளியை ஏழு தலைமுறைக்கு ஒரே மூச்சில் சொல்வார். சொந்த மருமகன்களின் பெயரில்தான் கொஞ்சம் தடுமாறுவார். மூன்றாம் கார்லோஸ் மன்னரைப் பற்றி அவர் பேசிக் கேட்டால், இரண்டு பேரும் ஒரே தெருவில் சைக்கிள் பழகியவர்கள் என்று தோன்றும். மூன்றாவது உறுப்பினர் பொருளாளர். அவர் முதல் கூட்டம் முடிந்ததும் ஜோகூருக்குக் குடிபோய்விட்டார். அதனால் எங்கள் தீர்மானங்கள் எல்லாம் ஒருமனதாகவே நிறைவேறின.

கழகத்தின் சாதனைகள் கொஞ்சநஞ்சமல்ல. மூன்றாம் கார்லோஸ் மன்னர் 1788 டிசம்பர் 14ஆம் தேதி காலமானார். 1958 டிசம்பர் 14ஆம் தேதி நாங்கள் இரங்கல் தீர்மானம் இயற்றி, இரண்டு நிமிடம் எழுந்து நின்றோம். நூற்றெழுபது வருஷத் தாமதத்துக்கு மன்னர் குடும்பத்தாரிடம் தனியாக வருத்தமும் தெரிவித்தோம். முகவரி கிடைக்காததால் கடிதம் கோப்பில் இருக்கிறது. அடுத்த வருஷம் ஊரெல்லாம் தேர்தல், தன்னாட்சி, ஊர்வலம் என்று அமர்க்களப்பட்டபோதும் நாங்கள் மட்டும் பதினெட்டாம் நூற்றாண்டை விட்டு ஓர் அங்குலம் அசையவில்லை.

கழகத்தின் உயிர்நாடி ஒரு கண்ணாடிப் பெட்டி. தேக்குச் சட்டம், சிவப்பு வெல்வெட், பித்தளைப் பூட்டு. 'ஸ்பானிய அரச நாணயம் – தொடாதீர்' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் அட்டை. அந்தப் பெட்டி காலியாக இருந்தது. ஏனென்றால் கழகத்திடம் நாணயம் எதுவும் இல்லை. இதை நாங்கள் ஒரு குறையாகக் கருதவில்லை. ஒரு தடவை, கீழே சட்டை தைக்கக் கொடுக்க வந்தவர் மாடியேறி வந்து பார்த்துவிட்டு, "என்ன சார், உள்ள ஒண்ணுமே இல்லியே லா?" என்று கேட்டார்.

"பாதுகாப்பு கருதி," என்றார் தலைவர்.

ஆனால் அன்று அவர் வீட்டுக்குப் போகும்போது என்னிடம் சொன்னார்: "ஒண்ணு வேணும்யா. சாகறதுக்குள்ள ஒரே ஒரு ராஜா."

1960 பிப்ரவரியில் தலைவருக்கு இருமல் வந்தது. கழக வரலாற்றின் பொற்காலம் அந்த இருமலில்தான் தொடங்குகிறது.

தேக்கா மார்க்கெட்டுக்கு எதிர்ச்சந்தில் முகம்மது யூசுப் என்பவரின் நாட்டு மருந்துக் கடை. உள்ளே போனால் பெருங்காயம், சாம்பிராணி, வசம்பு, கருஞ்சீரகம் எல்லாம் சேர்ந்து மூக்கைப் பிடித்து உட்காரவைக்கும். யூசுப் பாய் முப்பத்தொரு வருஷமாக ஒரே முக்காலியில், ஒரே கைத்தராசோடு இருப்பவர். தலைவரும் நானும் போனபோது எங்களுக்கு முன்னால் ஓர் அம்மாள் நின்றிருந்தார். பெயர் பூவம்மா. பிள்ளை பெற்ற பெண்களுக்கு லேகியம் கிளறிக் கொடுப்பது அவர் தொழில். பிள்ளைகள் பெரிய ஆஸ்பத்திரியில் பிறந்தாலும், வீட்டுக்கு வந்ததும் தாய்மார்கள் பூவம்மாவின் கையில்தான்.

"பாய், நாலு ராஜா சுக்கு, ரெண்டு ராஜா திப்பிலி, அரை ராஜா ஓமம். சீக்கிரம் குடுங்க. கெர்பாவ் ரோட்டுல ஒருத்தி வீடு வந்து மூணு நாளாச்சு."

தலைவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். யூசுப் பாய் தராசின் ஒரு தட்டில் சுக்கை அள்ளிப் போட்டார். இன்னொரு தட்டில், டிணுங் என்ற ஓசையோடு, வட்டமாக ஒரு வெள்ளிக்காசைப் போட்டார்.

அந்தக் காசில் ஒரு மூக்கு இருந்தது. உலகத்தில் அப்படிப்பட்ட மூக்கு ஒருவருக்குத்தான் உண்டு. தலைவரின் இருமல் அந்த நொடியே நின்றது. மருந்து வாங்குவதற்கு முன்பே நோய் குணமானதற்கு நானே சாட்சி.

"பாய்! இது யாரு தெரியுமா?"

"ராஜா."

"எந்த ராஜா?"

"எங்க கடை ராஜா."

"ஐயோ! ஸ்பெயின் தேசத்து மூணாம் கார்லோஸ்யா இவரு! பாருங்க, 1779! மெக்சிகோவுல அடிச்ச காசு!"

"அம்மாடி, அவ்வளவு தூரத்துலேர்ந்தா வந்திருக்காரு?" என்றார் பூவம்மா. "சரி பாய், அவரை நல்லா நிமித்திப் பிடிங்க. தட்டு சாயுது."

யூசுப் பாய் நிதானமாக விளக்கினார். பழைய வைத்தியக் குறிப்புகளில் எல்லாம் வராகன் எடை, ரூபாய் எடை என்றுதான் இருக்கும். அவருடைய வாப்பா அந்தக் காலத்தில் சுலவேசித் தீவிலிருந்து வந்த ஒரு பூகிஸ் கப்பல்காரரிடம் சாம்பிராணி கொடுத்து இந்தக் காசை வாங்கினார். எட்டு வராகனுக்கு இது சரியாக இருக்கிறது என்று கண்டு, இதையே எடைக்கல்லாக வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து தேக்கா வட்டாரத்தில் மருந்துச் சரக்கெல்லாம் ராஜாக் கணக்குத்தான். அரை ராஜா வேண்டுமென்றால், ஒரு ராஜா நிறுத்து, அதையே இரண்டு தட்டிலும் பிரித்துச் சமமாக்குவார்.

தலைவருக்குப் பொறுக்கவில்லை. வெளியே வந்ததும் நடுத்தெருவில் நின்று சொற்பொழிவாற்றினார். 1819இல் இந்தத் தீவில் ஆங்கிலேயன் கொடி நட்டபோது, சுல்தானுக்கு வருஷத்துக்கு ஐயாயிரம், தெமெங்கோங் என்ற மலாய்ப் பிரபுவுக்கு மூவாயிரம் என்று பேசிய தொகை இந்த ஸ்பானிய வெள்ளியில்தான். தென்னமெரிக்காவில் பொட்டோசி மலையைக் குடைந்து எடுத்த வெள்ளி, மணிலாக் கப்பலேறி, சீன வியாபாரியின் முத்திரைக் குத்தை முகத்தில் வாங்கி, பாதி உலகத்தை விலைக்கு வாங்கிய காசு! "அப்பேர்ப்பட்ட சக்கரவர்த்தி இங்க உக்காந்து ஓமம் நிறுக்கறாருய்யா!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெருங்காய நெடியாகவும் இருக்கலாம்.

மறுநாளே யூசுப் பாயிடம் தூது போனோம். மூன்று நாள் கண்காட்சி, அதற்கு முன்னும் பின்னும் ஆராய்ச்சி, மொத்தம் பதினொரு நாள் ராஜாவைக் கடன் தர வேண்டும். பாய் மறுத்தார்.

"ராஜா இல்லாம கடை ஓடாது சார்."

"அதுவரைக்கும் சாதாரண எடைக்கல்லை வச்சு நிறுங்க."

"என் கிட்ட வாறவங்களுக்கு ராஜாதான் தெரியும். வேற கல்லுல நிறுத்தா மனசு ஆறாது."

கடைசியில் சான்றிதழ் என்ற சொல்லைக் கேட்டதும் பாய் இளகினார். ஓர் ஆசாரியின் பொற்றராசில் நாணயத்தை வைத்தோம். 416 கிரெயின். பவுன் கணக்கில் மூன்றே கால் சொச்சம். புத்தகத்தில் போட்டிருக்கும் எடைக்கு மயிரிழை வித்தியாசம். நான் கழகத் தாளில், இரண்டு முத்திரையும் குத்தி, 'இந்த ராஜா அசல். எடை 416 கிரெயின்' என்று அழகாக எழுதி, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்தேன். பாய் அதைச் சாம்பிராணி டப்பாக்களுக்கு மேலே மாட்டினார். எனக்கு அப்போது தெரியாது. துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருஷம் எழுதியதெல்லாம் சேர்ந்தும் செய்யாத வேலையை அந்த ஒரு தாள் செய்யப்போகிறது என்று.

கண்காட்சி 'வரலாறு காணாத' வெற்றி. நானூற்றிரண்டு பேர் வந்தார்கள். அதில் முந்நூறு பேர் கீழே சட்டைக்காகக் காத்திருந்தவர்கள். வெல்வெட்டில் ராஜா கம்பீரமாகப் படுத்திருந்தார். பெட்டிக்கு முன்னால் நின்ற தலைவரின் முகத்தைப் பார்த்தால், தலைப்பிள்ளையைத் தொட்டிலில் போட்ட தகப்பன் மாதிரி இருந்தது.

கண்காட்சி முடிந்த மறுநாள், பதினோராம் நாள் நாணயத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று நினைவூட்டினேன். தலைவர் கதவைச் சாத்தினார். இரகசியக் கூட்டம் தொடங்கியது.

"யோசிச்சுப் பாருய்யா," என்றார். "அவங்களுக்கு வேண்டியது என்ன? ஒரு எடைக்கல். நமக்கு வேண்டியது என்ன? சரித்திரம். சரித்திரம் இங்க இருக்கட்டும். எடைக்கல் அங்க போகட்டும். யாருக்கு என்ன நஷ்டம்?"

இவ்வளவு நியாயமான யோசனையை நான் அதுவரை கேட்டதில்லை. 'பாதுகாப்பு நோக்கிலான மாற்று ஏற்பாடு' என்று பெயர் சூட்டினேன். ஆதரவு இரண்டு, எதிர்ப்பு இல்லை, ஜோகூரில் ஒருவர்.

ஜாலான் புசார் பக்கம் கோப்பை, பதக்கமெல்லாம் வார்த்துக் கொடுக்கும் சீனத் தாத்தா ஒருவரின் பட்டறை இருந்தது. ராஜாவைக் கொண்டுபோனோம். அவர் கையில் வாங்கி, புரட்டி, உயரத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு சந்தையில் எல்லோரும் பேசும் பசார் மலாயில் ஒரு கேள்வி கேட்டார்: முகம் மட்டும் வேண்டுமா, எடையும் சேர்த்து வேண்டுமா? எடையும் என்றால் வெள்ளியில் செய்ய வேண்டும், செலவு கூட. முகம் மட்டும் என்றால் வெள்ளீயக் கலவையில் வார்த்து, மேலே வெள்ளிப்பூச்சு.

தலைவர் சிரித்தார். "முகம் போதும்."

ஐந்தே நாளில் முகம் வந்தது. ஆகா, என்ன முகம்! அந்த மூக்கு, அந்தத் தேதி, சீன வியாபாரி குத்திய முத்திரைகூட அப்படியே. தலைவர் பூதக்கண்ணாடி வைத்து ஒரு மணி நேரம் பார்த்தார். ஓரத்துக் கோலங்களை எண்ணினார். லத்தீன் எழுத்துகளைத் தடவினார். "யாராலும் கண்டுபிடிக்க முடியாது," என்றார். கண்ணால் பார்க்கக்கூடிய அத்தனையையும் நாங்கள் சரிபார்த்தோம்.

பதினோராம் நாள், வெல்வெட் சுற்றிய டப்பாவில், ரோஜா மாலையோடு, புது ராஜாவை யூசுப் பாயிடம் ஒப்படைத்தோம். பாய் இரண்டு கையாலும் வாங்கினார். புருவம் சுருங்கியது.

"என்ன சார், லேசா இருக்கே?"

நான் ரோஜா மாலையைச் சரிசெய்தேன். தலைவர் கொஞ்சமும் அசரவில்லை.

"சுத்தம் பண்ணியிருக்கோம் பாய். நூத்தி எண்பது வருஷத்து அழுக்கு! சும்மாவா? அதுவே ஒரு எடை."

பாய் தராசுத் தட்டில் போட்டுப் பார்த்தார். டிணுங் என்ற ஓசை வரவில்லை. டக்.

"சத்தமும் ஒரு மாதிரி..."

"அழுக்கு போனா அப்படித்தான்."

பாய் காசை இன்னொரு தடவை புரட்டினார். பிறகு தலையை ஆட்டினார். "படிச்சவங்க, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று சொல்லி எங்களுக்குத் தேநீர் வரவழைத்தார். நாங்கள் குடித்தோம். நல்ல தேநீர்.

அதற்கப்புறம் யூசுப் பாய் கடையில் ஓர் அதிசயம் நடந்தது. சரக்கு தீரவில்லை. வழக்கமாகப் பத்து நாளில் காலியாகும் சுக்கு மூட்டை, பதினாலு நாளாகியும் அடியில் மிச்சம் காட்டியது. பாய் சந்தோஷத்தில் எங்கள் மாடிக்கே வந்தார்.

"உங்க சான்றிதழ் வந்த நேரம் சார், கடையில பரக்கத்து! மூட்டை குறையவே மாட்டேங்குது!"

"சரித்திரத்தின் மகிமை," என்றார் தலைவர்.

இந்த மகிமைக்கு வேட்டு வைத்தது பிரசவ லேகியம்.

பூவம்மா லேகியத்துக்குச் சுக்கு, திப்பிலி, மிளகு எல்லாம் யூசுப் பாய் கடையில் ராஜாக் கணக்கில் வாங்குவார். கருப்பட்டியும் நல்லெண்ணெயும் வேறு கடையில், வேறு தராசில். காரமும் இனிப்பும் நாற்பது வருஷமாக ஒரே கணக்கு. அந்த மாதம் டன்லப் தெருவில் லீலா என்ற பெண்ணுக்குக் கிளறிக் கொடுத்தார். லீலா ஓர் உருண்டையை வாயில் போட்டாள். பூவம்மா பக்கத்தில் தண்ணீர்ச் சொம்போடு தயாராக நின்றார்.

"நல்லா இருக்குக்கா," என்றாள் லீலா. "இன்னொண்ணு குடுங்க."

பூவம்மா சொம்பைக் கீழே போட்டுவிட்டார். லேகியம் தோன்றிய நாளிலிருந்து எந்தப் பெண்ணும் இன்னொன்று கேட்டது கிடையாது. அடுத்த வீட்டிலும் அப்படியே. மூன்றாவது வீட்டில் புருஷன்காரன் திருடித் தின்றான். நான்காவது வீட்டில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போய் விற்றார்கள்.

பூவம்மா நேரே கடைக்குப் போய் நின்றார். அப்போது கடையில் எட்டுப் பேர்.

"என்ன பாய், சுக்குல என்னத்தைக் கலக்குறீங்க?"

"கலக்குறேனா? நானா?"

"நாப்பது வருஷமா என் லேகியத்தைத் தின்னு அழுவாத பொம்பள இல்ல. இப்ப அல்வா மாதிரி திங்கிறாளுங்க! ஒண்ணு சரக்கு செத்த சரக்கு. இல்லாட்டி எடையில கை வெக்கிறீங்க."

"பூவம்மாக்கா, அல்லாவுக்குப் பொதுவாச் சொல்றேன், அதே சரக்கு, அதே தராசு, அதே ராஜா! இங்க பாருங்க, சான்றிதழே இருக்கு!"

எட்டுப் பேரும் ஆளுக்கொரு பக்கமாகப் பார்த்தார்கள். ஒருவர் தன் பொட்டலத்தைக் கையில் ஏந்தி ஆட்டிப் பார்த்தார். "ஆமா, எனக்கும் போன வாரமே சந்தேகம்," என்றார். போன வாரம் அவருக்கு ஒரு சந்தேகமும் இல்லை என்பது வேறு விஷயம். மூன்று நாளில் தேக்கா முழுக்கப் பேச்சு: முப்பத்தொரு வருஷமாக யூசுப் பாய் எடையில் ஏமாற்றியிருக்கிறார். ஒரு மாதத்தில் கடையில் ஈ ஓட்டினார். மூட்டை குறையவே இல்லை. பரக்கத்து அமோகம்.

பாய் மறுபடி எங்கள் மாடி ஏறி வந்தார். இந்தத் தடவை படியில் இரண்டு இடத்தில் நின்று நின்று வந்தார்.

"சார், பள்ளிவாசல்லகூட முகம் பார்த்துப் பேச மாட்டேங்கறாங்க. எங்க வாப்பா பேரே கெட்டுப் போச்சு. நீங்க பெரியவங்க, ராஜா அசல்தான்னு இன்னொரு காகிதம் எழுதிக் குடுங்க. உங்க சொல்லை நம்புவாங்க."

கழகம் உடனே கூடியது. பாதிக்கப்பட்ட ஒரு வியாபாரிக்கு உதவுவது எங்கள் கடமை. இரண்டாவது சான்றிதழ் எழுதினேன். இந்தத் தடவை மூன்று முத்திரை. மூன்றாவது, கீழே தையல் கடையில் இரவல் வாங்கியது. பாய் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் அந்தக் கையாலேயே அன்றைய மினிட்ஸை எழுதினேன். கையெழுத்து வழக்கம்போல அழகாகவே வந்தது.

ஏப்ரலில் 'கண்ணாடிப் பெட்டித் திறப்பு விழா'. பெயர் வெளியிட விரும்பாத ஓர் 'ஐரோப்பிய நன்கொடையாளர்' மூன்றாம் கார்லோஸின் நாணயம் ஒன்றைக் கழகத்துக்கு வழங்கியிருப்பதாக அழைப்பிதழ் அடித்தோம். நாற்பது பேர் வந்தார்கள். யூசுப் பாயும் வந்தார். அவரை முன்வரிசையில் உட்கார வைத்தோம். பெட்டிக்குள்ளே அசல் ராஜா வெல்வெட்டில் சயனித்திருந்தார். தலைவர் 1772ஆம் வருஷத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

"அந்த வருஷம்தான் மன்னர் தன் முகத்தை நாணயத்தில் பொறிக்கச் சொன்னார்! அதே வருஷம், அதே மன்னர், நாணயச் சாலைகளுக்கு ஓர் இரகசிய ஆணை அனுப்பினார். வெள்ளியைக் குறை! யாருக்கும் சொல்லாதே! முகம் வந்தது, வெள்ளி போனது! உலகமே அந்த முகத்தைப் பார்த்து ஏமாந்தது! என்ன அயோக்கியத்தனம்!"

பலத்த கைதட்டல். அப்போது மாடிப்படியில் காலடி கேட்டது. பூவம்மா. ஒரு கையில் ஆசாரிக் கடைத் தராசு. இன்னொரு கையில் யூசுப் பாய் கடையிலிருந்து எடுத்து வந்த ராஜா. மடியில் ஒரு பொட்டலம்.

"நிறுத்துங்க லா," என்றார்.

தலைவர் நிறுத்தினார்.

"எனக்குப் படிக்கத் தெரியாது. பாய் கடைக் காகிதத்தை ஆசாரி படிச்சுச் சொன்னாரு. நீங்க இந்த ராஜாவை வாங்கிட்டுப் போனப்ப நானூத்திப் பதினாறு. இப்ப நிறுத்தா இருநூத்தித் தொண்ணூத்தாறு. பதினோரு நாள் உங்க வீட்டுல இருந்ததுல, நூத்தி இருபது எளைச்சிருக்காரு. சோறு போடலியா?"

சபையில் யாரோ சிரித்தார்கள். நான் என் பேனாவைக் கீழே தேடினேன்.

"அம்மா, அது அழுக்கு..." என்று தலைவர் ஆரம்பித்தார்.

"பெட்டியைத் தொறங்க."

"அது ஓர் ஐரோப்பிய நன்கொடையாளர்..."

சாவி என் சட்டைப்பையில் இருந்தது. பூவம்மா என் பக்கம் கையை நீட்டினார். நான் கொடுத்துவிட்டேன். கழகத்தின் பாதுகாப்பு ஏற்பாடுகள் அவ்வளவுதான் தாக்குப் பிடித்தன.

பெட்டி திறந்ததும் மாடி முழுக்கப் பெருங்காய வாசனை. ஐரோப்பாவிலிருந்து வந்த நாணயத்தில் அது எப்படி வந்தது என்று முன்வரிசையில் இருந்த எல்லோரும் மூக்கைத் தூக்கினார்கள். யூசுப் பாய் மட்டும் மூக்கைத் தூக்கவில்லை. அவருக்கு அது வாசனையே இல்லை, அவர் வீடு.

பூவம்மா மடியிலிருந்த பொட்டலத்தை எடுத்தார். "இது ஜனவரியில வாங்கினது. ஒரு ராஜா சுக்கு. யாருக்கு வாங்கினேனோ அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டா. பிரிக்கவே இல்ல. பாய் போட்ட முடிச்சு அப்படியே இருக்கு." தராசை உயர்த்திப் பிடித்தார். ஒரு தட்டில் பொட்டலம், மறு தட்டில் கடை ராஜா. பொட்டலம் தடாலென்று இறங்கியது. ராஜா ஆகாயத்தில் தொங்கினார். அவரை எடுத்துவிட்டுப் பெட்டி ராஜாவைப் போட்டார்.

டிணுங்.

தட்டு இரண்டும் மெல்ல ஆடி, காகிதத்துக்கும் நூலுக்கும் மட்டும் இம்மி சாய்ந்து, நின்றன.

யூசுப் பாய் எழுந்தார். சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம்.

"சார், லேசா இருக்குன்னு அன்னிக்கே கேட்டேன். அழுக்குன்னீங்க. எங்க வாப்பா கை பட்டு, என் கை பட்டு இருந்ததையா சார் அழுக்குன்னீங்க?"

தலைவர் நாற்பது பேரையும் பார்த்தார். என்னையும் பார்த்தார். பிறகு, தலைவர் என்றால் தலைவர்தான், தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார்:

"பெரியோர்களே! 1772இல் நடந்ததை வெறும் வார்த்தையால் விளக்க முடியாது என்பதால், கழகம் அதைச் 'செய்முறை விளக்கமாக' உங்கள் முன் நிகழ்த்திக் காட்டியிருக்கிறது!"

இரண்டு பேர் கை தட்டினார்கள். விழா என்றால் தட்டியே பழக்கப்பட்டவர்கள்.

"அப்படியா?" என்றார் பூவம்மா. "நானும் ஒரு விளக்கம் வெச்சிருக்கேன்." முந்தானைக்குள்ளிருந்து ஒரு வாழையிலைப் பொட்டலம் வெளிவந்தது. "இது சரியான எடையில கிண்டினது. ஆளுக்கு ஒரு உருண்டை. முழுங்கக் கூடாது, மெல்லணும்."

நாற்பது பேருக்கு முன்னால், ஸ்பானிய அரச நாணயக் கழகத்தின் தலைவரும் கௌரவச் செயலாளரும் பிரசவ லேகியம் சாப்பிட்டோம். காது வழியாகப் புகை வந்தது. தலைவர் மூன்றாம் கார்லோஸையும், நான்காம் கார்லோஸையும், வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் மருமகன்கள் மூவரையும் பெயர் சொல்லி அழைத்தார். இன்னோர் உருண்டை நாங்கள் இருவருமே கேட்கவில்லை.

பூவம்மா அசல் ராஜாவை யூசுப் பாயின் உள்ளங்கையில் வைத்து மூடினார். "பாய், அன்னிக்கு எட்டுப் பேர் முன்னாடி உங்களைத்தான் கேட்டேன். இன்னிக்கு நாப்பது பேர் முன்னாடி சொல்றேன். நீங்க இல்ல." ஈய ராஜாவைத் திரும்பக் கண்ணாடிப் பெட்டிக்குள் போட்டார். டக். "இது உங்களுக்கு. பெட்டி காலியாக் கெடந்தா பாவமா இருக்கும்."

யூசுப் பாய் போலீசுக்குப் போகவில்லை. அதற்குப் பதிலாக ஒரு பைத்தியக்கார வேலை செய்தார். அந்த இரண்டு மாதத்தில் லேசு ராஜாவில் சரக்கு வாங்கிய ஒவ்வொருவர் வீட்டுக்கும் நடந்து போய், குறைந்த பங்கைப் பொட்டலம் கட்டி, இலவசமாகக் கொடுத்தார். "நிறுத்தது என் கை," என்றாராம். கழகம் கூடி, அவருக்கு நன்றி தெரிவித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. செலவில் பங்கேற்பது பற்றி நிகழ்ச்சி நிரலில் எதுவும் இல்லாததால் அது விவாதிக்கப்படவில்லை.

இது நடந்து ஏழு வருஷமாகிறது. இந்த 1967இல் நம் நாட்டுக்கே சொந்தக் காசு வந்துவிட்டது. கடல்குதிரை, வாள்மீன், சிங்கம் எல்லாம் இருக்கின்றன. ராஜா மட்டும் இல்லை. தலைவர் அதைப் பார்த்து ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. அசல் ராஜா இன்னமும் யூசுப் பாய் கடையில் காலை எட்டு மணிக்கு வேலைக்கு வந்து சுக்கு நிறுத்துக்கொண்டிருக்கிறார். அவரைப் பார்க்க யாரும் போவதில்லை. சுக்கு வாங்கத்தான் போகிறார்கள்.

எங்கள் மாடியிலோ ஞாயிற்றுக்கிழமைகளில் வரிசை நிற்கிறது. ஆசிரியர்கள் மாணவர்களை அழைத்து வருகிறார்கள். நுழைவுக் கட்டணம் ஒரு வாள்மீன், அதாவது இருபது காசு. வெல்வெட்டில் ஈய ராஜா மூக்கைத் தூக்கிப் படுத்திருக்கிறார். ஒவ்வொரு வாரமும் யாராவது ஒருவர் தவறாமல் குனிந்து, பயபக்தியோடு என்னிடம் கேட்பார்: "சார், இது அசல்தானே?"

நான் சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழைக் காட்டுவேன், யூசுப் பாய் திருப்பிக் கொடுத்துவிட்ட அந்த இரண்டாவது. மூன்று முத்திரை, என் கையெழுத்து. அவர்கள் திருப்தியாகத் தலையசைத்துக் கீழே இறங்கிப் போவார்கள்.

ஏழு வருஷத்தில் இதுவரை ஒருவர்கூடத் தராசு கேட்டதில்லை.